சம்பங்கி நீட்டிய கை

குரங்கு மேய்ப்பதும் ஓர் உத்தியோகம், அதற்குச் சம்பளமும் உண்டு என்று சொன்னால் எவனும் பெண் கொடுக்க மாட்டான். நல்லவேளை, எனக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டில் தவழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

பேர் வந்த கதை

அடையாறு ஆற்றங்கரையில் ஒரு ஜமீன்தார் பங்களா. குதிரையும் நாயும் அலுத்துப்போய் எசமான் கப்பலில் ஒரு குட்டியை வரவழைத்தார். ‘சிம்பன்சி’ என்று அவர் சொன்னது தோட்டக்காரர் காதில் ‘சம்பங்கி’ என்று விழுந்தது. பொட்டைக் குட்டிதானே, பூப்பேர் பொருத்தம்தான் என்று எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம்.

வந்த அன்றைக்குக் கூண்டைச் சுற்றி ஒரே கூட்டம். குட்டி மூலையில் ஒண்டிக்கொண்டு ஈறு தெரியப் பல்லைக் காட்டியது. எங்களுக்கோ குஷி. சமையல்கார ஐயர் வடை கொண்டுவந்து வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது வடையைத் தொடவில்லை, பழத்தையும் தொடவில்லை. பயந்தால்தான் அந்த இனம் அப்படிப் பல்லைக் காட்டும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு ஐயர் சொன்னது இது: "வாலைக் காணோமேன்னு பார்த்தேன். போறது, முகம் களையா சிரிச்சிண்டிருக்கு."

நண்டூருது

குட்டி நாளுக்கு நாள் வாடியது. எசமான் தடியைத் தட்டிக்கொண்டு வருவார். அது மூலைக்கு ஓடும். "தீபாவளிக்குள் தேறாவிட்டால் மாம்பலத்தில் கூடாரம் போட்டிருக்கிற சர்க்கஸ்காரனுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். அந்தக் கூடாரத்துச் சாட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் என் சம்சாரம் ரோசம்மா, மீன் விற்ற கையோடு எனக்குச் சோறு கொண்டுவந்தாள். கூண்டோரம் உட்கார்ந்து எங்கள் குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்து, "நண்டூருது, நரியூருது" என்று அக்குள்வரை ஊரவிட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். பார்த்தால், கம்பிக்கு வெளியே இன்னோர் உள்ளங்கை மல்லாந்து நீண்டிருக்கிறது. ரோசம்மா யோசிக்கவேயில்லை, அதிலும் நண்டை விட்டாள். சம்பங்கி வாயைத் தொங்கப்போட்டு, மேல்பல்லை மூடிக்கொண்டு, ஹஹ் ஹஹ் என்று மூச்சாலேயே சிரித்தது. அதுதான் அதன் நிஜச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோசம்மா சோற்றுச் சட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இத்தயும் ஒருத்தி மடியில போட்டுக்கினு வெளாண்டுகீறாய்யா."

யார் யாரை

தெம்பு வந்ததும் தோட்டத்தில் ஓடிப்பிடிக்கிற ஆட்டம். என் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், நான் துரத்த வேண்டும். எனக்கு மூச்சு வாங்கினால் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே தத்தித் தத்தி நடக்கும். பிடிபட்டதும் விழுந்து விழுந்து சிரிக்கும். ஐயர் அடுக்களை ஜன்னலிலிருந்து கேட்டார்: "அந்தோணி, நீ அதை மேய்க்கறியா, அது உன்னை மேய்க்கறதா?"

எசமான் கை

ஆனால் தடிச் சத்தம் கேட்டால் போச்சு, மறுபடி மூலைதான். "என்னைக் கண்டு நடுங்குகிற பிராணி எனக்கெதற்கு?" என்று எசமான் சர்க்கஸ்காரரை வரச்சொல்லிவிட்டார். அவரும் சங்கிலியோடு வந்து நின்றார். நான் துணிந்து, "எசமான், அந்தத் தடியை இப்படிக் குடுங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, கொடுத்தார்.

சம்பங்கி மெல்ல வந்து அவர் முன்னால் கையை நீட்டியது. அவர் பழம் வைத்தார். அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நீட்டியது. "என்னடா கேட்கிறது?" என்றார். ஒரு ஜமீன்தாரிடம் இதை எப்படிச் சொல்வது? "நண்டு ஊரணுங்க" என்று முணுமுணுத்தேன்.

எசமான் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு விரலை ஊரவிட்டார். சம்பங்கி வாயைத் தொங்கப்போட்டுச் சிரித்தது. சிரித்து முடித்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையிலிருந்து தன் விரலை ஊரவிட்டது. முழங்கை தாண்டியதும் எசமானுக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சர்க்கஸ்காரர் சங்கிலியைக் குலுக்கி, "அப்போ நான் கூட்டிக்கினு போவலாமுங்களா?" என்றார். எசமான் நிமிராமலே சொன்னார்: "நீர் போய் வாரும் ஐயா, இன்னும் நரி ஊரலை."

அதற்கப்புறம் அந்த பங்களாவில் நான் விளையாட்டுக் காட்டி மேய்த்தது இரண்டு பேரை, சம்பளம் மட்டும் ஒருத்திக்குத்தான்.