வீட்டுப்பாத்தி

எங்கள் ஆலயத்து ஆயரின் மனைவி ஆயரம்மா குனிந்து ஒரு கேரட்டைப் பிடுங்கியதும், ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்ததும், கடிக்கப் போவதுபோல் அதை வாயருகே கொண்டு போனதும் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. வரப்பில் நின்றிருந்த என் மனைவி கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "அதத் திங்காதீங்கம்மா, கீழ போட்ருங்க! அது ஊருக்குப் போறது. ஒங்களுக்கு வீட்டுப்பாத்தியில கெடக்கு, அதுல எடுத்துக்கங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்து பறித்துத் தூர எறிந்தாள். அவள் செய்தது முழுக்க அன்பினால்தான். நான் பூச்சிமருந்து கலக்கும் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் சபைப் போதகரான ஆயர் நின்றிருந்தார். அவர் கேரட் காட்டைப் பார்த்தார், வீட்டையொட்டி இருந்த சின்னப் பாத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஊருக்குன்னா எந்த ஊருக்குங்க?" என்று கேட்டார். "எல்லா ஊருக்கும்தாங்கய்யா. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிட்டா, அப்புறம் எங்க போகுதுன்னு யாரு கண்டா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மா கீழ, பாலசமுத்திரத்துல இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் பூண்டிக்கும் மன்னவனூருக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பது வீடுகள், ஓர் ஆலயம், சுற்றிலும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. பனியும் சாரலும் விடாத இந்த மலையில் இலை கருகாமல் கேரட் எடுப்பது லேசான காரியம் இல்லை. அதனால் மருந்து அடிப்போம். மண்ணில் குருணை மருந்து போடுவோம். அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். விலை ஏறிவிட்டால் அதை யாரும் பார்க்க மாட்டோம். ஆனால் எங்கள் அடுப்புக்கு அந்தக் காட்டிலிருந்து ஒரு கேரட்கூட வராது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி ஒதுக்கி, சாணி எருவும் சாம்பலும் போட்டு, மருந்து வாடையே படாமல் தனியாக வளர்ப்போம். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு பாத்தி இருக்கும். வாராவாரம் ஆயர் வீட்டுக்குக் காய் கொடுத்தனுப்புவது அதிலிருந்துதான். விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் காணிக்கையாக வைப்பதும் அதிலிருந்துதான். ஆண்டவருக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா? இதில் தப்பு இருக்கிறது என்று அந்த நாள்வரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. சத்தியமாகத் தோன்றியதில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆயருக்கு வயது முப்பதுகூட ஆகியிருக்காது. அவருக்கு எங்கள் சபைதான் முதல் சபை. சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிரசங்கம் பண்ணுவார். நான் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன், சபைக் கமிட்டியின் செயலாளர் வேறு. அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. கமிட்டியில் எதை முடிவு செய்ய உட்கார்ந்தாலும், "கொஞ்ச நேரம் பேசாம இருப்போம். ஆண்டவரு என்ன சொல்றாருன்னு கேப்போம்" என்று கண்ணை மூடிக்கொள்வார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போகும். எங்களுக்கோ வெள்ளனே போய்த் தண்ணீர் கட்டுகிற வேலை இருக்கும். ஒருவர் இருமுவார், இன்னொருவர் வேண்டுமென்றே நாற்காலியை இழுப்பார். முடிவை நாங்கள் டீக்கடையிலேயே எடுத்துவிட்டுத்தான் வந்திருப்போம். ஜெபம் என்பது அந்த முடிவின் மேல் குத்துகிற முத்திரை என்றுதான் எங்களுக்குப் பழக்கம். "ஐயா, எங்களுக்கு சோலி கெடக்குங்க, வெரசா முடிங்க" என்று ஒருநாள் நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உலகத்துக்காக நாங்கள் ஜெபிக்கிற அழகைக் கேட்க வேண்டும். யுத்தங்கள் ஓய வேண்டும், அரசியல்வாதிகள் மனம் திரும்ப வேண்டும், லஞ்சம் ஒழிய வேண்டும், குடி ஒழிய வேண்டும், பிள்ளைகள் செல்போனிலிருந்து விடுபட வேண்டும். கெட்டுப்போன உலகத்தை ஆண்டவரே வழிநடத்தும் என்று குரல் தழுதழுக்கக் கேட்போம். எங்கள் ஜெபத்தில் அந்தக் கெட்டுப்போன உலகம் மலையடிவாரத்து வத்தலக்குண்டில்தான் தொடங்கும். மலைமேல் இருக்கிற எங்களுக்கு நல்ல விளைச்சல் மட்டும் போதும். மனைவி கேரட்டைப் பறித்து எறிந்த அந்த வாரமும் நான் இதே ஜெபத்தைப் பண்ணினேன். ஆயர் "ஆமென்" சொல்லவில்லை. அதையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று காலையில் ஆயர் என் வீட்டுக்கு வந்து, "ஒங்க காட்டுல ஒரு கட்டு கேரட் பிடுங்கிக்கிறட்டுங்களா?" என்று கேட்டார். அலங்காரத்துக்காக இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஆலய வாசலில் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். பூசணிக்காய்க்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். வீட்டுப்பாத்திப் பூண்டை ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திரும்ப ஆலயத்துக்கே கொடுத்தார். ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. கடைசியில் ஆயர் அந்தக் கேரட் கட்டை மேசையில் வைத்தார். "இது சந்தைக்குப் போற காட்டுல பிடுங்குனது. இதுவும் நம்ம விளைச்சல்தான். யாராச்சும் ஏலம் கேளுங்க. வீட்டுக்குக் கொண்டுபோயிப் பிள்ளைகளுக்குச் சமைச்சுக் குடுங்க" என்றார்.

பூசணிக்காய்க்குப் போட்டி போட்டவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஆயர் கட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். அவர் ஒன்றும் சூரர் இல்லை, பயந்த சுபாவம்தான். கமிட்டியில் மூத்தவர் ஒருவர், "ஐயா, அதெல்லாம் நாம திங்கிறதில்லீங்க. அது சந்தைக்குங்க" என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொன்னார். "சந்தையில நிக்கிற பிள்ளையும் ஆண்டவருக்கு வீட்டுப் பிள்ளைதாங்க" என்றார் ஆயர். கட்டை எடுத்து மறுபடியும் உயர்த்திப் பிடித்தார். கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர், "யாரு காட்டுல பிடுங்குனதாம்?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. மானம் போன இடத்தில் நியாயம் எங்கே கண்ணுக்குத் தெரியும்?

மறுவாரம் கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் என் வீட்டில் கூடினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் திருச்சபை மேலிடத்துக்கு மனுவை நான்தான் எழுதினேன். காணிக்கையை அவமதித்தார், மூத்தவர்களை மதிப்பதில்லை, சபையின் சமாதானத்தைக் குலைக்கிறார், ஆகவே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு பக்கம் எழுதினேன். கேரட் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. எழுதுவதற்கு முன் ஜெபித்தோம். "ஆண்டவரே, இந்தக் காரியத்தில் எங்களை வழிநடத்தும்" என்று உருக்கமாக ஜெபித்தவன் நான்தான். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே ஜெபித்தேன்.

இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்களை ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு மழைத் தூறலில் கிளம்பினார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான ஆயரம்மா முன் இருக்கையில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பெண்ணை அப்படி இறங்க வைத்தவன் நான். ஆயர் வேனிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "வீட்டுப்பாத்திய விட்றாதீங்கண்ணே. அதப் பெருசாக்கிக்கிட்டே போங்க" என்றார். அதுவரை என்னை அவர் அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. நான், "பாத்துப் போங்க, கீழ பனி எறங்கியிருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். பெரிய மனிதத் தோரணையில்தான் சொன்னேன்.

அதன்பிறகு மூன்று ஆயர்கள் வந்து போய்விட்டார்கள். மூவரும் கெட்டிக்காரர்கள். கொடுத்த காயை வாங்கிக்கொண்டு, விளைச்சலை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். நானும் காலத்துக்கேற்ப மாறினேன். விசைத்தெளிப்பான் வாங்கினேன், விவசாய வாட்ஸப் குழுக்களில் சேர்ந்தேன், கூட்டங்களுக்குப் போய்ச் சான்றிதழ்கூட வாங்கி மாட்டியிருக்கிறேன். படித்தால் மனிதன் திருந்திவிடுவான் என்கிறார்கள். எனக்குத் தெரியாதது என்ன இருந்தது? எந்த மருந்து எத்தனை நாள் காயில் நிற்கும் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். தெரிந்ததனால்தானே வீட்டுக்குத் தனிப் பாத்தி போட்டேன்! நான் கொடுமைக்காரனும் இல்லை. அவசரத்துக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் படுத்தபோது என் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆனால் என் நல்ல மனசுக்கு ஒரு வேலி இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஆட்கள் வேலிக்கு உள்ளே, தெரியாத ஆட்கள் வெளியே. அந்த வேலி என் கண்ணுக்கே தெரியாமல் இருந்ததுதான் கொடுமை. வேலிக்கு உள்ளே நிற்கிறவனுக்கு அதை வெளியிலிருந்து யாராவது காட்ட வேண்டியிருக்கிறது. சட்டத்தால் அது முடியவில்லை, சான்றிதழாலும் முடியவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பெற்றவர் ஒருவர் சொன்னால்தான் உண்டு. ஆண்டவர் அதைச் சொல்ல ஓர் ஆளை அனுப்பினார், நாங்கள் மனு எழுதி மலையிலிருந்து இறக்கிவிட்டோம்.

இதெல்லாம் எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது என்று பெருமை பேச முடியாது. போன மாதம்தான் புரிந்தது. திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள் ஒருநாள் காலையில் போன் பண்ணினாள். பேத்திக்கு ஏழு மாதம். "அப்பா, பிள்ளைக்கு நேத்துத்தான் மொதமொதலா கேரட் வேக வச்சு மசிச்சுக் குடுத்தேன். கொடைக்கானல் கேரட்டான்னு கேட்டுக் கேட்டு வாங்குனேன்ப்பா. சப்புக்கொட்டித் திங்கிறா" என்றாள். "அது வேணாம்மா, குடுக்காத. நான் வீட்டுப்பாத்தியில இருந்து அனுப்பி வைக்கிறேன்" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே கேட்டது. அவள் சின்ன வயதிலிருந்து விடுதியில் தங்கிப் படித்தவள். வீட்டுப்பாத்தி என்றால் சமையலுக்குக் கைக்கெட்டும் தோட்டம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "ஏம்ப்பா, கடையில வாங்குறதுக்கு என்ன?" என்றாள். சொன்னேன். மருந்து, ஏலம், ஆயர், மனு, எல்லாவற்றையும் சொன்னேன். பெற்ற மகளிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "மேல் வீட்டு அக்காவுக்கும் நான்தாம்ப்பா சேத்து வாங்கிக் குடுத்தேன். அவங்க பிள்ளைக்கும் ஒம்பது மாசம். அவங்க யோசிச்சாங்க. எங்க அப்பா ஊருக் கேரட்டுதான் அக்கா, நம்பிக் குடுங்கன்னு சொன்னேன்" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மருந்தடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. காட்டின் கீழ்ப்பக்கம் இலை கருக ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "என்னண்ணே, காட்டப் பாத்தீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். மனைவி காரணம் கேட்பதில்லை. அவளுக்குத் தெரியும். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்துப் பார்க்கிறேன், கருகலுக்கு அது போதவில்லை. காடு முழுவதும் போனாலும் போகலாம். இன்று காலையில் வரப்பில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். வழக்கமான வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. "என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.