வாசலில் கட்டிய வேப்பிலை

அன்றைக்கு வீட்டில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தப்பா, அக்கா, சின்னவள் நான். கொல்லையில் ஒரு கூடைக்குள் மூன்று அணில் குஞ்சுகள்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். தாய் அணிலைப் பூனை கொண்டுபோனதும், அக்காதான் குஞ்சுகளுக்குத் திரியில் பால் நனைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அதுகளின் வாயைச் சுற்றியும் காதிலும் கொப்புளம் கிளம்பியது. அம்மா பார்த்துவிட்டு அம்மை என்றாள். அணிலுக்கு வரும் வைரஸ் வேறு, நமக்கு ஒட்டாது என்று பின்னாளில் ஒரு மாட்டு டாக்டர் சொன்னார். அப்போது பெரியம்மை இருந்த காலம். எங்களுக்கு எல்லாக் கொப்புளமும் ஒன்றுதான்.

அன்று துறையூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பரீட்சை எழுதிவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று அக்கா கேட்டிருந்தாள். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், படித்தது போதும் என்று அப்பா முடித்துவிட்டார்.

காலையில் அக்கா என்னை வேப்பங்கொத்து ஒடித்துவரச் சொன்னாள். வாசல் நிலையில் கட்டினாள்.

சித்தப்பா சிரித்தார். “அணிலுக்கு அம்மையா? தலைக்குத் தண்ணி யாரு ஊத்தறது, நீயா?”

“யாருக்கு வந்தாலும் ஆத்தா ஆத்தாதானே சித்தப்பா.”

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அப்பா கொத்தை அவிழ்க்கச் சொன்னார்.

“கட்டினதை நடுவுல அவுக்கக் கூடாதுங்க. வேணும்னா நீங்களே அவுத்துக்குங்க,” என்றாள் அம்மா.

அப்பா கையை நீட்டினார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

துறையூர்க்காரர்கள் வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

“பிள்ளைங்களுக்கு இல்லீங்க. அணிலுக்குங்க,” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அம்மை கண்ட வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அவர்களும் சொல்லாமலே போனார்கள். மறுபடி வரவில்லை.

அக்கா கூடையருகே உட்கார்ந்து பால் கொடுத்தாள். இரண்டு குஞ்சு செத்தது. ஒன்று தேறி மரம் ஏறியது. அணில் மேல் அக்காவுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். கொல்லையில் கிடந்த அணிலுக்கு வாசலில் ஏன் வேப்பிலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். அறுநூற்றுக்கு நானூற்றுப் பதினெட்டு.