போற ப்ளைட்லயே வந்துடு

எங்கள் ஊரில் பாரிசைத் தூரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். "பாரிசா? தோ, இங்க இருக்குது" என்று கடற்கரைக்கு வழி காட்டுகிற மாதிரிதான் கையை நீட்டுவார்கள். அதனால் அத்தைக்குச் சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தில், மாப்பிள்ளை அமைந்தபோது யாருக்கும் கவலை இல்லை. அப்பாவைத் தவிர.

அத்தை அவருக்கு ஒரே தங்கை. எனக்குத் தலை பின்னி விடுவதும், கதை சொல்லப்போய் எனக்கு முன்னால் தூங்கிவிடுவதும் அத்தைதான்.

கல்யாணம் முடிந்ததும் மாமா முன்னால் போய்விட்டார். ஜனவரியில் அத்தைக்கு டிக்கெட் வந்தது. போக வரச் சேர்த்து எடுத்தால் சல்லிசாம். டிசம்பரில் கிறிஸ்துமசுக்குத் திரும்புகிற தேதியும் அதிலேயே இருந்தது. அப்பா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

அம்மா சமாதானம் சொன்னாள். "என்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க? எங்கக்காவ தோ இருக்கற தவளக்குப்பத்துல குடுத்தோம், வருசத்துக்கு ஒரு வாட்டி வர்றாளா? இவளாவது ஏறி ஒக்காந்தா ஆறு மணி நேரத்துல போய்டுவா."

நான் மூன்றாம் வகுப்பு. அந்த வாரம்தான் மணிக்கணக்கு நடத்தியிருந்தார்கள். விடுவேனா? டிக்கெட்டைப் பிடுங்கி, நோட்டில் கழித்துப் பார்த்தேன். சென்னையில் இரண்டு மணிக்கு ஏறினால் பாரிசில் எட்டு. அம்மா சொன்னது சரிதான், ஆறு மணி நேரம். திரும்பும்போது பாரிசில் காலை ஒன்பது, சென்னையில் இருபத்து மூன்று முப்பது. பதினாலரை! எனக்குத் திக்கென்றது.

"அத்தை, வர்ற வழி ரொம்ப தூரம். நீ போவாத!"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்க மணி நமக்குப் பின்னாடிடீ குட்டி. ரெண்டுக்கும் தூரம் ஒண்ணுதான்."

மணி எப்படிப் பின்னால் இருக்கும்? என்னை ஏய்க்கிறாள் என்று நினைத்தேன். "அப்ப ஒண்ணு பண்ணு. வரும்போது அந்த ப்ளைட்ல ஏறாத. போற ப்ளைட்லயே வந்துடு!"

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அத்தையும் சிரித்துக்கொண்டேதான் என்னை இழுத்து அணைத்தாள். ஆனால் அப்புறம் விடவே இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க, நோட்ட காட்டு" என்றார். தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டுகிறவர். நூலளவு பிசகினாலும் செய்ததைத் தூக்கிப்போட்டு மறுபடி கடையச் சொல்லுவார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். ஆறு. பதினாலரை. பிறகு சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டார்.

"கணக்கு சரியாத்தாம்மா போட்டிருக்கற."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டிக்கைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பரில் அத்தை வரவில்லை, வயிற்றில் பிள்ளை. அடுத்த வருடம் வேறு ஏதோ. அத்தை எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன்.

நூல் பிசகினால் ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒரு தப்புக் கணக்குக்கு ஏன் டிக் போட்டார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.