கறுப்புத் தலைப்பாகை

கண்டியில் ஒரு படக்கடையில் எனக்கு வேலை. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயேசு பிறந்தநாளான நத்தாருக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளில் வண்டி வரைந்து வர்ணம் பூச வேண்டும். வெள்ளைக்காரத் துரைசானிமார் அவற்றைச் சீமைக்கு அனுப்புவார்கள். கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி என்றால் அவர்களுக்கு உயிர். "படத்துல இருக்கிற மாதிரியே பூசு. ஒன் இஷ்டத்துக்குப் பூசாத" என்று கடைக்காரர் தினமும் ஓதுவார்.

என் வீட்டுக்காரரும் கோப்பி வண்டிதான் ஓட்டினார், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில். வெயிலுக்குத் தலையில் கட்டட்டும் என்று ஒரு துண்டுக்கு நானே சிவப்புச் சாயம் தோய்த்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"இதக் கட்டிக்கிட்டுப் போனா மாடு மெரளும்டி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், பிறவிக் குணம். துண்டை வண்டிக்குள் வீசினேன்.

"கட்டாட்டிப் போங்க. இனி எம் மூஞ்சியில முழிக்காதீங்க."

அப்படியே போனார். கம்பளைக்குப் போகும் வழியில் வாந்திபேதி கண்டு இறந்தார். யாரோ பாதையோரத்திலேயே புதைத்தார்கள். துண்டு என்ன ஆனதென்று கேட்கக்கூட ஆளில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு துரைசானி பன்னிரண்டு அட்டை கேட்டாள். கடைக்காரர் கொடுத்த படம் கம்பளைப் பாதையில் எடுத்தது. சக்கரத்தில் ஒரே ஒரு ஆரக்கால் மட்டும் புதுசு, வெளுத்த மரம். கடைசியாகப் போனதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் அதை மாட்டும்போது நான்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டிப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று நுகக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் கறுப்புத் துண்டு.

எவனிடமோ கறுப்புத் துண்டு வாங்கிக் கட்டினாரே தவிர, என்னுடையதைக் கட்டவில்லை. சாகும்வரை என்மேல் கோபம் ஆறவில்லை என்று நினைத்தேன். அழுதுகொண்டே பூசினேன், பன்னிரண்டிலும் கறுப்பு. படத்தில் இருந்த மாதிரியே. கடைக்காரர் முதல் தடவையாக என்னை மெச்சினார்.

அட்டைகள் கப்பலேறின. அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் படம் வர்ணம் பூச வந்தது. நெற்றியில் கறுப்புப் பொட்டு. யோசிக்காமல் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தேன். பொட்டில் வைக்கப் போன கை அப்படியே நின்றது.

சிவப்பு நிறம் புகைப்படத்தில் கறுப்பாகத்தான் விழும். எனக்குத் தெரியாததா? எத்தனை பெண்களின் பொட்டை, எத்தனை கூறைச்சேலையை இந்தக் கையால் சிவப்பாக்கியிருக்கிறேன். பாவி நான், அவர் ஒருத்தர் விஷயத்தில்தான் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வண்டிப் படத்தைத் தேடி எடுத்தேன். அவர் கட்டியிருந்தது என் துண்டுதான். அட்டைக்கு மாதிரியாக வைக்கும் கடைப் படத்தில் வர்ணம் படக்கூடாது என்பது கட்டளை. போனால் போகட்டும் என்று தலைத்துண்டைச் சிவப்பாக்கினேன். மன்னிச்சிருங்க என்று சொல்ல, எனக்கு அந்த முதுகுதான் இருந்தது.