கேட் திறக்கும் வரை

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குள் நுழையும்போது செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அதனால், வேன் இறக்கிவிட்டபின் கேட் திறக்கும்வரை கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான் மெர்சி படம் எடுப்பாள். வேலிக்கம்பியில் வரிசையாகத் தொங்கும் சாப்பாட்டுப் பைகள், லாரித் தடத்தில் தேங்கிய மழைநீரில் தெரியும் புகைபோக்கி என்று, எல்லோரும் தாண்டிப்போவதை அவள் நின்று பார்ப்பாள்.

அன்று செக்யூரிட்டி குணாளன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டப் படம் எடுக்கறியா? மேல சொன்னா வேல பூடும்மா. எல்லாத்தையும் அழிக்கப் போறேன்."

"ஒருவாட்டி பாத்துட்டு அழிங்கண்ணே."

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவரின் விரல் நின்றது. காலை வெயிலில், டீயின் ஆவிக்குப் பின்னால் அவருடைய முகம்.

"இன்னாம்மா, நானா இது? எங்க ஊட்டுல நம்பமாட்டாங்க!"

எதையும் அழிக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளிக்கு மீசய முறுக்கிக்கினு வரேன், இன்னொண்ணு எடு."