நான் படித்துச் சொன்ன மெசேஜ்கள்

பொறாமைப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. உள்ளங்கை அளவு போன் ஒன்று அலமாரியின் மேல் கிடந்து 'டிடிங்' என்றால் போதும். அந்தச் சத்தத்தில் எனக்கு வயிறு எரிந்து, அடுப்பில் இருந்த பொரியலும் தீய்ந்து போயிருக்கிறது.

சுனாமிக்கு நாலைந்து வருடம் கழித்து எங்கள் தீவில் நடந்தது இது. சிப்பிகாட்டில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் வந்த கடல், திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதனால் டாலிகஞ்சில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். இந்த ஊரின் ஏற்ற இறக்கங்களில் பஸ்ஸைக் குலுங்காமல் கொண்டுபோவதில் அவருக்கு ஒரு கர்வம். கர்வத்தோடு சேர்ந்து வயிறும் வளர்ந்து ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டெய்ரி ஃபார்ம் இறக்கத்தில் அவருக்குக் கண் இருட்டியது. எப்படியோ பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் பிரஷரையும் எடையையும் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைக்கிற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் முடிவு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதுவரை டிப்போவில் பஸ் கழுவுகிறவர்களை மேய்க்கிற வேலை கொடுத்தார்கள். சோதனையில் தேறாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை அதுதான் கதி. வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அவருடைய வலது கால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எடை குறைக்க ஒரு திட்டம் நடத்தினார்கள். வாரம் ஒரு தடவை போய் எடை பார்க்க வேண்டும், மற்ற நாட்களில் போனுக்கு மெசேஜ் வரும். நடத்தியவள் சின்ன வயசுப் பெண். எந்த ஊர்க்காரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது, எல்லாரிடமும் ஹிந்தியில்தான் பேசினாள். அவள் ஏறினால் எடை மெஷினில் முள் நகருமா என்று சந்தேகப்படும்படியான உடம்பு. இவர் பெயரோடு 'ஜி' சேர்த்துக் கூப்பிட்டாள். நான் 'ஏங்க' என்று நாலு தரம் கத்தினால்தான் திரும்புகிற மனிதர், அந்த ஒரு 'ஜி'க்கு முதுகை நிமிர்த்தி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எதிரே வருகிற லாரியின் நம்பர் அவருக்குத் தெருக்கோடியிலிருந்தே தெரியும். போனில் இருக்கிற எழுத்துதான் தெரியாது. கண்ணாடி வாங்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். கண்ணாடி போட்ட டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். டிப்போவுக்கும் போனைக் கொண்டுபோக மாட்டார். உடம்பைக் குறைக்க மெசேஜ் வருவது தெரிந்தால் மற்ற டிரைவர்கள் ஓட்டித் தள்ளிவிடுவார்களாம். ஆகவே போன் நாள் முழுக்க என் பொறுப்பு. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பார்.

"மேடம் என்ன சொல்லிருக்காங்க?"

இங்கிலீஷ் எழுத்தில் ஹிந்தி. நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் தீவில் சிக்னல் ரொம்ப லட்சணம். மழை பிடித்துக்கொண்டால் காலையில் அனுப்பியது விளக்கு வைத்த பிறகுதான் வரும். "காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள் ஜி" என்று பொழுது சாய்ந்த பிறகு நான் படிப்பேன். அதற்கும் பயபக்தியோடு தலையாட்டுவார்.

சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்லி ஒரு நாள் வந்தது. இதை நான் எத்தனை வருடமாகச் சொல்லியிருப்பேன்! நான் சொன்னால், "ஒழைக்கிறவனுக்குச் சோத்தைக் கொறைக்கிறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு அவரே ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, "போதும், போதும்" என்றார். சொன்ன வாய் என் வாய்தான். ஆனால் கையில் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னால் மட்டும் வார்த்தைக்கு மரியாதை வந்துவிடுகிறது. அவர் குணமாக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன். அவள் சொல்லிக் குணமாகிறாரே என்று அதே மூச்சில் பொருமுவேன்.

அவளை அவருக்குப் பிடிக்காமல் செய்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அன்று வந்த மெசேஜில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு என் சொந்தச் சரக்கைக் கீழே சேர்த்தேன்.

"இன்னும் என்னமோ எழுதிருக்கா. 'அபர்டீன் பஜார்ல எறங்கி சமோசா திங்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, வெக்கமா இல்லையா?'ன்னு கேக்குறா."

முகம் சிவக்கும், 'என்னைக் கேக்க இவ யாரு' என்று போனைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, எவ்ளோ அக்கறை! இத்தனை பேருக்கு நடுவுல நான் என்ன திங்கிறேன்னு விசாரிச்சு வச்சிருக்காங்க."

"அக்கறையா? திட்டிருக்காங்க!"

"அக்கறை இருக்கிறவங்கதான் திட்டுவாங்க. ஒனக்கெங்க இதெல்லாம் புரியப் போவுது."

அப்படியானால் இத்தனை வருடமாக நான் திட்டியதெல்லாம் என்னவாம்? எழுந்து மோர் கொண்டுவரப் போனேன்.

அதற்குப் பிறகு தினமும் சேர்த்தேன். ஒரு நாள் ஆத்திரத்தில் அவர் விடுகிற குறட்டையைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். அது எப்படி மேடத்துக்குத் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். "படிச்சவங்க இல்லையா, ஒடம்பப் பாத்தே சொல்லிருவாங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். டிப்போவிலிருந்து நடந்து வர ஆரம்பித்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கல்யாணத்தன்று நான் ஓரக்கண்ணால் பார்த்த தாடை மெல்ல வெளியே வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தார். எவளோ சொல்லி வந்த தாடை என்று நினைத்ததும் அதையும் ரசிக்க முடியாமல் போனது.

ஒரு வாரம் எடை பார்க்க நானும் கூடப் போனேன். இவர் சும்மா இருக்காமல் அவளிடம், "மேடம், ஓ சமோசாவாலா பாத் ஆப்கோ கைஸே மாலூம்?" என்று கேட்டுவிட்டார். சமோசா விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. அவளுக்கு முன்னால் பெரிய வரிசை நின்றிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஹம்கோ சப் மாலூம் ஹை, ஜி" என்று சிரித்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்கிறாள்! இவர் பரவசத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யோசித்து யோசித்துச் சேர்த்ததை அவள் ஒரே சிரிப்பில் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

மழை குறைந்து, விட்டுவிட்டுப் பெய்ய ஆரம்பித்த சமயத்தில் அந்த மெசேஜ் வந்தது. திட்டம் இன்றோடு முடிகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஜி. எனக்குச் சனி விட்டதுபோல் இருந்தது. அன்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் படித்தேன், சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இனிமே எனக்கு யாரு சொல்லுவாங்க?"

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் தாங்கவில்லை. சட்டையில் சமோசா எண்ணெய் வாசனை அடித்தது. நடப்பதை நிறுத்தினார். "ஏங்க, டாக்டர் பாக்குற நாள் கிட்ட வந்துருச்சு" என்றால், "சும்மா நொய்நொய்னு அரிக்காத" என்றார். அதுகூடப் பழகியதுதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "பஸ் கழுவ வைக்கிறதும் சர்க்கார் வேலைதான், சம்பளம் வருதில்ல" என்றார். அவர் கால் தரையில் அசையாமல் கிடந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. ஸ்டீயரிங் வேண்டாம் என்று சொல்கிற அந்த மனிதரை வைத்துக்கொண்டு மிச்ச நாளை நான் எப்படி ஓட்டுவேன்?

மறுநாள் சாயங்காலம் அவர் வந்ததும் போனைக் கையில் எடுத்தேன். திரையில் மணியும் பேட்டரிக் கோடும் தவிர ஒன்றும் இல்லை.

"மேடம் மறுபடியும் அனுப்பிருக்காங்க. டிரைவர்ங்கிறதால, டாக்டர் பாக்குற வரைக்கும் ஒங்களுக்கு மட்டும் அனுப்புவாங்களாம்."

"எனக்கு மட்டுமா?" என்றார். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்ல! என் வாயாலேயே அவளை மறுபடி கூட்டிவந்து நடுவீட்டில் உட்கார வைத்தேன். அன்றிலிருந்து தினமும் வெறும் திரையைப் பார்த்துப் படித்தேன். திட்டுவதற்கு எப்போதும் போல் வார்த்தை இருந்தது. திட்டு தீர்ந்த நாட்களில், "நீங்க மறுபடி ஸ்டீயரிங்ல உக்காந்து போறத ஓரமா நின்னு பாக்கணும்னு ஆசையா இருக்கு" என்பது மாதிரியும் வந்தது. சொல்லும்போது என் கண் போனை விட்டு அவர் முகத்துக்குப் போய்விடும். அவர் கவனிக்க மாட்டார், போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நடந்து வந்தார், ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தவர், என்னிடம் விஷயத்தைச் சொல்வதற்குப் பதில், "போனை எடு, மேடத்துக்கு ஒரு மெசேஜ் அடி, ஹிந்தில அடி" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"நான் பாஸாயிட்டேன். வெக்கமா இல்லையான்னு கேட்டீங்களே, அன்னைக்குதான் முழிச்சுக்கிட்டேன். நடுவுல நீங்களும் விட்டுட்டுப் போயிருந்தா நான் டிப்போலயே கெடந்திருப்பேன். என்னை ஒரு மனுஷனா மதிச்சு இவ்ளோ தூரம் சொன்னவங்க வேற யாரும் கெடையாது. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஹிந்தியில் மாற்றாமல் தமிழிலேயே, ஒரு வார்த்தை விடாமல் அடித்து முடித்தேன்.

"போயிருச்சா?"

"சேந்துருச்சு" என்றேன்.

அனுப்புகிற பட்டனை நான் தொடவே இல்லை. எனக்கு வந்ததை நான் எதற்கு இன்னொருத்திக்கு அனுப்ப வேண்டும்?