நாலு மணிக்கு எழுந்தவர்

கோப்பிச் செடிகள் நோயில் பட்டுப்போய், ஹாலிஎலப் பக்கம் தேயிலை நட ஆரம்பித்த வருடம் அது. வருமானம் இல்லையென்று பதுளைக் கச்சேரிக் கணக்குப் பிரிவில் பாதிக் கிளாக்கர்களை நிறுத்திவிட்டார்கள். மிச்சப் பேர் பழைய சம்பளத்துக்கே இருட்டும்வரை இரண்டாள் வேலை செய்தார்கள். நான் அங்கே மணியடிக்கும் பியோன்.

ஒருநாள் அவர்கள் கூடிப் பேசி, கச்சேரி விடும் நாலு மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்து போவதென்று முடிவு செய்தார்கள்.

“மாரி, இன்னைக்குக் கொஞ்சம் பலமா அடிப்பா” என்றார் அவர்களில் ஒருவரான சவரிமுத்து ஐயா.

அடித்தேன். அவர் மட்டும் எழுந்தார். மற்றவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினார்.

அந்த மாதமே அவரை வெல்லவாயவுக்கு மாற்றினார்கள். காய்ச்சல் ஊர். பெட்டியும் குடையும்தான் திரும்பி வந்தன.

இன்று செட்டியார் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று தலை நிமிராதவர்களில் ஒருவரான யாக்கோபு ஐயா எதிரே இருந்தார். கடைக் கடிகாரம் நாலு அடித்ததும், வழக்கம்போல் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“பென்சன் வாங்கி எத்தனை வருசம், இன்னும் கச்சேரி விடலையா ஐயா?” என்று செட்டியார் சிரித்தார்.

“உக்காருங்க ஐயா” என்றேன் நான்.

“இப்பவாச்சும் எந்திரிக்கிறேனே, மாரி.”

கிளாக்கர்களுக்கு இப்போது சங்கம் இருக்கிறதாம். எல்லோரும் ஒன்றாக எழுவார்களாம். நாலு மணிக்குக் கடைப்பக்கம் போகிறவர்கள் யாராவது அவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னால் கேட்பதில்லை. அந்தக் கிளாக்கர்களில் இன்று உயிரோடு மிஞ்சியிருப்பவர் யாக்கோபு ஐயா ஒருவர்தான்.